வீட்டினின்று வெளியேறும் இருவகை நீர்

ஒரு வீட்டிற்குள் நீர் எவ்வழியாக வருகின்றது என்று வினவினால் அவ்வீட்டுச் சிறுபிள்ளையும் விடை கூறும். கிணற்றைக் காட்டும், அல்லது குழாயைக் காட்டும். அந்நீர் எவ்வழியாக வெளியேறுகின்றது, வெளியேறி எங்கே சென்று சேர்கின்றது என்று வினவினாலோ வீட்டுத் தலைவரும் சற்றுத் தயங்குவர். வரும் நீரில் நமக்குள்ள அக்கறை போகும் நீரில் இல்லாமையே இதற்குக் காரணம். ஆயினும், நோயின்றி வாழ்தற்கு நல்ல நீர் வருதல் எத்துணை இன்றியமையாததோ, தீய நீர் ஒழுங்காகப் போதலும் அத்துணை இன்றியமையாததாகும். அதிலும் கிணற்றையும் மலக்குழியையும் ஒரே வளவிற்குள் வைத்து வாழும் நம்மவர்க்கு இவ்விரண்டும் வெவ்வேறு விடயங்களாகா. இன்று நாம் போக்கிய நீர் நாளை நமது கிணற்று வாளியிலேயே திரும்பி வரக்கூடும்.

ஒரு கட்டடத்தினின்று வெளியேறும் நீர் இருவகைப்படும். மலசலகூடம், குளியலறை, அடுக்களை, துணி துவைக்குமிடம் ஆகியவற்றிலிருந்து வருவது கழிவுநீர். கூரையிலும் முற்றத்திலும் விழுந்து ஓடுவது மழைநீர். இவை தன்மையால் வேறுபட்டவை, அளவால் வேறுபட்டவை, சென்று சேரவேண்டிய இடத்தாலும் வேறுபட்டவை. இவ்விரண்டையும் கலக்கவிடாது தனித்தனி வழிகளிற் செலுத்துதலே வடிகாலமைப்பின் முதல் விதி. ஏனைய விதிகளிற் பல இதன் வழிப்பட்டவை.

முதலில் அளவை நோக்குவோம். ஐவர் வாழும் வீட்டில் ஒருவர்க்கு நாளொன்றுக்கு 120 லீற்றர் நீர் செலவாகின்றதெனக் கொண்டால், அவ்வீட்டின் கழிவுநீர் நாளொன்றுக்கு 600 லீற்றராகும். அது பகல் முழுதும் சிறிது சிறிதாக வருவது. இனி, அதே வீட்டின் கூரை 100 சதுர மீற்றர் பரப்புடையதென வைத்துக்கொள்வோம். அக்கூரைமீது 1 மில்லிமீற்றர் மழை பெய்தால் 100 லீற்றர் நீர் சேரும். ஐப்பசி கார்த்திகையிற் கடும் மழையொன்று ஒரு மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர், அதாவது 3 அங்குலம், பொழிந்ததாயின் அக்கூரையினின்று இறங்கும் நீர் 7,500 லீற்றர். பன்னிரண்டு நாட்களின் கழிவுநீரினும் மிகுதியான நீர் ஒரே மணி நேரத்தில் இறங்கிவிடுகின்றது. கழிவுநீர் அளவிற் சிறிது, ஆனால் நாள்தோறும் வருவது, நஞ்சுடையது. மழைநீர் அளவிற் பெரிது, சில மாதங்களில் மட்டும் வருவது, பெரும்பாலும் தூயது. ஒன்றுக்கென அமைத்த வழி மற்றதற்குப் பொருந்தாமை இதனாற் புலப்படும்.

இவ்வுண்மையைப் பழைய மக்கள் பல இடங்களில் உணர்ந்திருந்தனர். இன்றைக்கு ஏறக்குறைய 4,500 ஆண்டுகளுக்கு முன் சிந்து வெளியில் விளங்கிய மொகெஞ்சதாரோ நகரிலே, வீடுகளின் குளிக்குமிடத்து நீர் சுடுசெங்கல்லால் அமைந்த வாய்க்கால் வழியே தெருவிலுள்ள மூடிய வடிகாலைச் சென்றடைந்தது. நமது நாட்டில் அநுராதபுரத்தின் மேற்குப் புறத்துத் துறவிமடங்களில், அழகிய சிற்ப வேலைப்பாடமைந்த சிறுநீர்க் கற்களை இன்றும் காணலாம். நிலத்தை மாசுபடுத்தல் தகாது என்னும் கருத்து இம்மண்ணிற் புதியதன்று.

இவ்வறிவை இழந்து, பின்னர் பெருவிலை கொடுத்து அதனைத் திரும்பப் பெற்ற நகரம் ஒன்றுண்டு. அஃது இலண்டன். அந்நகரத்துக் கதையைச் சற்றே விரிவாகக் கூற விரும்புகின்றேன். ஏனெனில் நமது ஊர்களின் இன்றைய நிலைக்கும் அதற்கும் ஒற்றுமை மிகவுண்டு.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலண்டன் வீடுகளில் மலம் வீட்டின் கீழோ முன்புறத்திலோ இருந்த குழிகளிற் சேர்ந்தது. தெருக்களின் கீழிருந்த வடிகால்கள் மழைநீர்க்கென அமைந்தவை. 1815ஆம் ஆண்டு வரையும் வீட்டு மலத்தை அவற்றில் விடுதல் சட்டத்தால் தடுக்கப்பட்டிருந்தது. அக்குழிகளுக்கு அருகிலேயே குடிநீர்க் கிணறுகளும் இருந்தன. 1854ஆம் ஆண்டு ஆவணி, புரட்டாதி மாதங்களில் சோகோ என்னும் பகுதியில் வாந்திபேதி பரவி, சில கிழமைகளுள் 600 பேருக்கு மேற்பட்டோர் மாண்டனர். கெட்ட காற்றினாலேயே அந்நோய் வருகின்றது என்பது அக்காலத்து மருத்துவர் பலரின் கொள்கை. ஜோன் ஸ்னோ என்னும் மருத்துவரோ, இறந்தோர் வாழ்ந்த வீடுகளை ஒவ்வொன்றாகக் குறித்து, அவர்களுட் பெரும்பாலோர் புரோட் வீதியிலிருந்த ஒரு குழாய்க் கிணற்றின் நீரைப் பருகியவர்கள் என்று கண்டறிந்தார். அவர் கூற்றினால் அக்கிணற்றின் கைபிடி கழற்றப்பட்டது. பின்னர்த் தோண்டிப் பார்த்தபோது, அக்கிணற்றிலிருந்து 3 அடிக்கும் குறைந்த தூரத்தில் ஒரு வீட்டின் மலக்குழி இருந்ததும், அதன் செங்கற் சுவர் சிதைந்து நீர் கிணற்றுப் பக்கம் கசிந்ததும் தெரியவந்தன. நோயுற்ற குழந்தையொன்றின் துணிகளை அலசிய நீர் அக்குழியிலேயே ஊற்றப்பட்டிருந்தது.

இதற்கிடையில் நீரூற்றிக் கழுவும் மலகூடங்கள் பெருகின. குழிகள் நிரம்பி வழிந்தன. ஆதலின், வீட்டுக் கழிவை மழைநீர் வடிகால்களிற் சேர்க்கலாம் என்றும், பின்னர்ச் சேர்த்தேயாகவேண்டும் என்றும் சட்டம் மாறியது. வீடுகள் தூய்மையடைந்தன; தேம்ஸ் நதி சாக்கடையாயிற்று. 1858ஆம் ஆண்டுக் கோடையில் அந்நதியினின்று எழுந்த நாற்றத்தைத் தாங்கமாட்டாது பாராளுமன்றத்தினரே திணறினர். அதன் பின்னரே ஜோசப் பசல்ஜெற் என்னும் பொறியியலாளரிடம் பெரும் பணி ஒப்படைக்கப்பட்டது. அவர் நதிக்கு இணையாக 82 மைல் நீளமான பெருங்கழிவுக்கால்களை அமைத்து, கழிவை நகரத்திற்குக் கிழக்கே கொண்டுசென்றார். வாந்திபேதி அகன்றது. ஆயினும் பழைய வடிகால்களிற் கழிவுநீரும் மழைநீரும் ஒன்றாகவே ஓடின. பெருமழை பெய்யுங்கால் குழாய் கொள்ளாது. கலந்த நீர் வீடுகளுக்குட் புகாதிருக்கும் பொருட்டு அது நதிக்குள் திறந்துவிடப்பட்டது. நகரம் வளர வளர இவ்விடர் மிகுந்தது. அதனைத் தீர்ப்பதற்கென 25 கிலோமீற்றர் நீளமுடைய புதிய சுரங்கமொன்றை நதியின் கீழே அகழ்ந்து, 2025ஆம் ஆண்டில் அதனை முழுமையாக இணைத்தனர். இருவகை நீரையும் ஒரு குழாயில் விட்டதன் கடனை அந்நகரத்தார் ஒன்றரை நூற்றாண்டின் பின்னும் செலுத்தவேண்டியதாயிற்று.

பெருநகரத்திற்குப் பொருந்தும் இவ்விதி ஒரு சிறு வீட்டிற்கும் பொருந்தும். ஆதலின், இனி வீட்டிற்குட் புகுந்து, கழிவுநீர் செல்லும் வழியைப் படிப்படியாகப் பார்ப்போம்.

மலசலகூடக் கிண்ணத்தின் அடியில் எப்பொழுதும் சிறிது நீர் தேங்கி நிற்பதைக் கண்டிருப்பீர்கள். முகங்கழுவும் தொட்டியின் கீழே குழாய் பாம்புபோல வளைந்திருப்பதையும் கண்டிருப்பீர்கள். அவ்வளைவிலும் நீர் நிற்கின்றது. இதுவே நீரடைப்பு எனப்படும். 1775ஆம் ஆண்டில் அலெக்சாந்தர் கமிங் என்னும் கடிகாரத் தொழிலாளர் இவ்வளைவுக் குழாயுடன் கூடிய மலகூடத்திற்கு ஆக்கவுரிமை பெற்றார். கழிவு கீழே செல்ல வழிவிட்டு, கீழேயுள்ள நாற்றவாயு மேலே வராது தடுப்பது அங்கு நிற்கும் 2 அல்லது 3 அங்குல நீரே. கதவில்லை, தாளில்லை, நீரே கதவாகின்றது. நம் நாட்டில் வாளி வைத்த கக்கூசுகள் இருந்த காலத்தில், அவ்வாளிகளை மனிதரே சுமந்து அகற்றினர். அக்கொடுமையை நம்மிடையே ஒழித்ததில் நீரடைப்புக் கிண்ணத்திற்குப் பெரும்பங்குண்டு என்பதையும் மறத்தலாகாது.

இந்நீர்க்கதவு இரு வழிகளில் அழியும். ஒன்று உலர்தல். பிள்ளைகள் வெளிநாடு சென்றமையாற் பூட்டிக் கிடக்கும் வீடுகள் நமது ஊர்களிற் பலவுண்டு. சில மாதங்களில் அவ்வளைவுகளில் நின்ற நீர் ஆவியாகிவிடும். நாற்றமும் கரப்பானும் தடையின்றி வீட்டிற்குட் புகும். வீட்டைத் திறந்தவுடன் ஒவ்வொரு வடிதுளையிலும் ஒரு வாளி நீர் ஊற்றினாற் குறை நீங்கும். மற்றது உறிஞ்சப்படுதல். நிமிர்ந்த குழாயொன்றில் நீர் நிறைந்து வேகமாக இறங்கும்போது, அதன் பின்னே காற்றின் அமுக்கம் குறைகின்றது. அக்குறைவு அருகிலுள்ள வளைவுகளிலிருந்து நீரை இழுத்துவிடும். இதனைத் தடுத்தற்பொருட்டே மலக்குழாயின் மேல்நுனியை மூடாது, கூரைக்கு மேலே உயர்த்தித் திறந்து விடுகின்றனர். அக்குழாய் நாற்றத்தைப் போக்குவது மட்டுமன்றி, உள்ளே காற்று வருதற்கும் வழியாகின்றது. மாடி வீடு கட்டுவோர் சிலர் இக்குழாயை வீண்செலவென எண்ணி விட்டுவிடுகின்றனர். மேல்மாடியில் நீரூற்றுந்தோறும் கீழ்வீட்டுக் குளியலறையிற் களகளவென ஒலி கேட்குமாயின், காற்றுக்குழாய் இல்லை அல்லது அடைபட்டுள்ளது என அறிக.

அடுத்தது சரிவு. கழிவுநீர்க் குழாயில் எவ்வித இயந்திரமும் இல்லை. சரிவே அதன் இயந்திரம். சரிவு குறைந்தால் நீர் மெல்லச் செல்லும். திண்மக் கழிவு அடியிற் படிந்துவிடும். 4 அங்குலக் குழாய்க்கு 40 அடிக்கு 1 அடியும், 6 அங்குலக் குழாய்க்கு 60 அடிக்கு 1 அடியும் சரிவு வேண்டும் என்பது பொறியியலாளர் பழகிவந்த எளிய கணக்கு. குழாயின் விட்டத்தை அங்குலத்தில் எடுத்துப் பத்தாற் பெருக்குதலே அக்கணக்கு. அன்றியும், குழாய் நேராகச் செல்லவேண்டும். திரும்புமிடத்தும், இரு குழாய்கள் கூடுமிடத்தும், திறந்து பார்க்கத்தக்க மூடியுள்ள குழியொன்று இருத்தல் வேண்டும். அக்குழியின் அடியைத் தட்டையாக விடாது, நீர் தடையின்றி வளைந்து செல்லும் அரைவட்டக் காலாகச் சிமெந்தினால் மெழுகவேண்டும். அழகு கருதி அம்மூடிகளின் மீது நிலவோடு பதித்து மறைத்துவிடும் வழக்கம் இந்நாளில் மிகுந்து வருகின்றது. அடைப்பு ஏற்படும் நாளில் அவ்வழகு முழுவதையும் உடைத்தல் நேரும்.

அடுக்களைக் கழிவில் எண்ணெயும் கொழுப்பும் உண்டு. சூடாக இருக்கையில் அவை நீர்போல ஓடும். குழாயிற் குளிர்ந்ததும் உறைந்து ஒட்டிக்கொள்ளும். ஆகையால் அக்கழிவைச் சிறு தொட்டியொன்றில் தங்கவிட்டு, மிதக்கும் கொழுப்பை வாரந்தோறும் அகற்றியபின் குழாயிற் சேர்த்தல் நன்று.

வீட்டினின்று புறப்பட்ட கழிவுநீர் இனி எங்கே செல்வது? கொழும்பு நகரத்தின் பெரும்பகுதியில் நிலத்தடிக் கழிவுக்கால்கள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்க காலந்தொட்டு அமைந்துள்ளன. அவ்வசதியில்லாத ஊர்களில், ஒவ்வொரு வளவும் தன் கழிவைத் தானே ஏற்கவேண்டும். அதற்குத் துணையாவது செப்டிக் தொட்டி. பிரான்சு நாட்டில் லூயி மூரா என்பார் இத்தகைய தொட்டிக்கு 1881ஆம் ஆண்டில் ஆக்கவுரிமை பெற்றார். இங்கிலாந்தில் எக்செற்றர் நகரத்துப் பொறியியலாளர் டொனால்ட் கமரன் 1890களில் அதனைத் திருத்தி இப்பெயரை வழங்கினார்.

செப்டிக் தொட்டி என்பது நீர் கசியாத அடியும் சுவரும் உடைய மூடிய அறை. கழிவு அதனுள் ஒரு நாளேனும் அசையாது தங்கவேண்டும். தங்குங்கால் கனமானது கீழே சேறாகப் படியும். கொழுப்பு மேலே ஆடையாக மிதக்கும். நடுவே உள்ள நீர் ஓரளவு தெளியும். காற்றில்லாவிடத்து வாழும் பற்றீரியாக்கள் சேற்றின் ஒரு பகுதியைச் சிதைத்து வாயுவாக்கும். தொட்டியை இரண்டு அறைகளாகப் பிரித்து, முதலறையை மூன்றிலிரண்டு பங்காக அமைப்பது வழக்கம். நீர் புகும் வாயிலும் வெளியேறும் வாயிலும் குழாய் கீழ்நோக்கி இறங்கியிருந்தாலன்றி, மேலே மிதக்கும் ஆடை வெளியே சென்றுவிடும். சேறு தொட்டியின் மூன்றிலொரு பங்கை அடையுமுன், பொதுவாக மூன்று முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை, பவுசர் வண்டியை வரவழைத்து அதனை அகற்றவேண்டும். இத்தொட்டிகளை அமைக்கும் முறையை இலங்கைக் கட்டளைகள் நிறுவனத்தின் 745ஆம் இலக்க நியமம் விரித்துக் கூறுகின்றது.

ஒன்றை அழுத்திக் கூறவேண்டும். தொட்டியினின்று வெளியேறும் நீர் தெளிந்ததாகத் தோன்றினும் தூய்மையானதன்று. நெருப்புக்காய்ச்சல், செங்கண்மாரி, வயிற்றோட்டம் ஆகியவற்றின் கிருமிகள் அதில் உயிருடன் இருக்கக்கூடும். அந்நீரைத் தூய்மையாக்கும் எஞ்சிய வேலையைச் செய்வது மண்ணே. உறிஞ்சுகுழியின் வழியாக அது மண்ணுட் பரவி, மணலின் ஊடே மெல்ல மெல்லச் செல்லும்போதுதான் கிருமிகள் பெரும்பாலும் மடிகின்றன.

இங்கேதான் யாழ்ப்பாணக் குடாநாட்டவராகிய நமக்கு ஒரு தனி இடர் உண்டு. நமது நிலத்தின் அடியிலுள்ளது சுண்ணாம்புக்கல். ஆறென்று சொல்லத்தக்கது எதுவும் ஆண்டு முழுதும் இங்கு ஓடுவதில்லை. வடகீழ்ப் பருவக்காற்று தரும் மழை அக்கல்லின் வெடிப்புகளிலும் புழைகளிலும் இறங்கி, உப்புநீரின்மீது நன்னீர்ப் படையாக மிதந்து நிற்கின்றது. அதுவே நமது கிணறுகளின் நீர். புத்தூர் நிலாவரைக் கிணற்றிற் போட்ட எலுமிச்சம்பழம் கீரிமலைக் கேணியில் மிதந்தது என்று முதியோர் கூறும் செவிவழிக் கதையை நீங்கள் கேட்டிருப்பீர்கள். கதை எவ்வாறாயினும், அக்கதை பிறந்த நிலத்தின் இயல்பு உண்மையானது. மணல் நிலத்தில் நீர் வடிகட்டப்பட்டு ஊர்ந்து செல்லும். சுண்ணாம்புக்கல்லின் புழையிலோ வடிகட்டப்படாமல் ஓடும். எலுமிச்சம்பழத்தை நம்பாதவரும் கிருமியை நம்பித்தானாகவேண்டும்.

நம்மவர் சிலர், "எங்கள் வீட்டுக் குழி இருபது ஆண்டாக நிரம்பவேயில்லை; ஒருமுறையேனும் அள்ளியதில்லை" என்று பெருமையாகக் கூறுவர். அடியிற் சிமெந்திடாது கல்லைக் குடைந்து ஆழமாக இறக்கிய குழியாகவே அது பெரும்பாலும் இருக்கும். அக்குழி நிரம்பாமைக்குக் காரணம் அதிற் சேர்ந்ததெல்லாம் கல்வெடிப்பின் வழியே நிலத்தடி நீரிற் கலந்துவிட்டமையே. நிரம்பாத குழி நல்ல குழி என்பது நம்மிடையே வழங்கும் தவறான எண்ணங்களுள் மிகவும் தீங்கானது. மார்கழியில் நிலத்தடி நீர் மட்டம் உயர்ந்து குழியின் அடியைத் தொடுங்கால், குழிக்கும் கிணற்றுக்கும் இடையே மண்ணும் இல்லை, தடையும் இல்லை.

கிருமியைக் கொதிக்கவைத்துக் கொல்லலாம். கொதித்தாலும் போகாத பொருளொன்று உண்டு, அது நைத்திரேற்று. மலசலத்திலுள்ள நைதரசன் மண்ணில் ஒட்சிசனோடு சேர்ந்து நைத்திரேற்றாக மாறி நீரோடு இறங்குகின்றது. தோட்டங்களில் இடும் உரத்தினின்றும் அது வருகின்றது. நீரைக் காய்ச்சினால் அதன் செறிவு கூடுமேயன்றிக் குறையாது. ஒரு லீற்றர் குடிநீரில் நைத்திரேற்று 50 மில்லிகிராமை மிஞ்சலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. 1980கள் தொடக்கம் குடாநாட்டிற் செய்யப்பட்ட ஆய்வுகள், பல கிணறுகளில் இவ்வரையறை மீறப்பட்டிருத்தலைக் காட்டியுள்ளன. ஆறு மாதத்திற்குட்பட்ட குழந்தைக்கு அத்தகைய நீரிற் பாற்பொடியைக் கரைத்துக் கொடுத்தால், குருதி ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலை இழந்து, குழந்தையின் உடல் நீலம் பாரிக்கக்கூடும். வீட்டில் மிக இளையவரே இத்தீங்கிற்கு முதலில் ஆளாகின்றனர்.

ஆகவே செய்யத்தக்கவை யாவை? தொட்டியின் அடியும் சுவரும் நீர் கசியாதனவாக இருத்தல் வேண்டும். உறிஞ்சுகுழி கிணற்றிலிருந்து 15 மீற்றர், அதாவது 50 அடி, தூரமேனும் இருத்தல் வேண்டும். அயலவர் கிணற்றையும் இக்கணக்கிற் சேர்த்தல் முறை. சுண்ணாம்புக்கல் நிலத்தில் இத்தூரமும் முழுக் காவலாகாது. ஆதலின் ஆழக் குழியை விடுத்து, மேல்மண்ணிலேயே மணலும் சல்லியும் பரப்பிய ஆழமற்ற அகன்ற பாத்தியில் நீரைப் பரவவிடுதல் மேல். நீர்மட்டம் மிக உயரும் இடங்களில் அப்பாத்தியை மேடாகவே அமைத்தல் வேண்டும். கிணற்றடியில் நீர் தேங்காதவாறு சிமெந்துத் தளமும் கால்வாயும் வேண்டும். குளிக்கும் நீரை வாழைக்கும் தென்னைக்கும் பாய்ச்சிய நமது முன்னோர் வழக்கம் நல்லதே. அவ்வாழைகள் கிணற்றுக்கட்டை விட்டுச் சற்று விலகி நிற்பின் இன்னும் நல்லது.

மற்றொன்றும் கூறவேண்டும். 2024ஆம் ஆண்டு ஆவணியில், வடமராட்சி கிழக்கிலுள்ள தாழையடியிற் கடல்நீரை நன்னீராக்கும் நிலையமொன்று திறந்துவைக்கப்பட்டது. குழாய்நீர் வருதல் மகிழ்ச்சிக்குரியது. ஆனால் வரும் நீர் பெருகினாற் போகும் நீரும் பெருகும். வாளியால் அள்ளிய காலத்தில் போதுமாயிருந்த குழி, குழாய் திறந்த காலத்திற் போதாதாகும். இலண்டனிற் குழிகள் நிரம்பி வழிந்ததும் இக்காரணம் பற்றியே.

இனி மழைநீருக்கு வருவோம். கூரையினின்று விழும் நீரைப் பீலி ஏந்துகின்றது. பீலிக்கும் சரிவு வேண்டும். 30 அடிக்கு 1 அங்குலம் போதும். அதில் இலைகள் அடைபடாமல் மழைக்காலத்திற்கு முன் துப்புரவு செய்தல் வேண்டும். நீர் சுவரடியில் விழுமாயின் அத்திவாரம் நனைந்து சுவர் ஈரம் ஏறும். ஆதலின் நிமிர்ந்த குழாயால் அதனை இறக்கி, வீட்டை விட்டு அப்பாற் கொண்டுசெல்லவேண்டும்.

எங்கே கொண்டுசெல்வது? பீலிக் குழாயைச் செப்டிக் தொட்டிக்குட் செருகிவிடுதல் சிலர் காணும் எளிய வழி. மேலே கூறிய கணக்கை நினைவுகூர்க. 3,000 லீற்றர் கொள்ளும் தொட்டிக்குள் ஒரு மணி நேரத்தில் 7,500 லீற்றர் மழைநீர் புகுமாயின், தொட்டியிலுள்ள சேறும் ஆடையும் கலங்கி, உறிஞ்சுகுழிக்குள் ஒரேயடியாகத் தள்ளப்படும். குழியின் துளைகள் அடைபடும். எஞ்சியது முற்றத்தில் வழியும். பல ஆண்டு உழைக்கவேண்டிய அமைப்பு ஒரு பருவமழையிற் கெட்டுவிடும். இதன் மறுதலையும் தீது. கழிவுநீரை இரவோடிரவாகத் தெருவோரத்து வெள்ளவாய்க்காலில் திறந்துவிடுவோர் உளர். அவ்வாய்க்காலிற் பிள்ளைகள் கடதாசி ஓடம் விடுகின்றனர் என்பதை அவர் எண்ணுவதில்லை.

மழைநீருக்கு உரிய இடங்கள் இரண்டு. ஒன்று தொட்டி, மற்றது நிலம். பழைய நாற்சார் வீட்டின் நடுமுற்றத்திற் பீலியின் கீழே கிடாரம் வைத்து மழைநீர் ஏந்தினர். இன்று அதற்கெனத் தொட்டி கட்டலாம். முதன் மழையைக் கூரையழுக்குப் போகும்வரை வெளியே விட்டு, பின்னர் வருவதை வடித்துச் சேமித்தல் வேண்டும். நுளம்பு புகாமல் வலையிடுதலும் வேண்டும். மிகுந்த நீரை, உறிஞ்சுகுழியினின்று விலகிய ஓரிடத்தில், சல்லியும் மணலும் நிரப்பிய குழியில் இறங்கவிடலாம். குடாநாட்டில் ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய 1,250 மில்லிமீற்றர் மழை பெய்கின்றதெனக் கொண்டால், நாம் முன்கூறிய கூரையொன்று மட்டுமே 1,25,000 லீற்றர் நீரைத் தருகின்றது. அது நிலத்தடியை அடைந்தால் நன்னீர்ப்படை தடிக்கும். உப்பும் நைத்திரேற்றும் ஐதாகும். அதனைச் சிமெந்து வாய்க்காலிற் கடலுக்கு அனுப்பினால் வைகாசியிற் கிணறு உவர்க்கும். அரசாங்கம் 2005ஆம் ஆண்டில் தேசிய மழைநீர்க் கொள்கையை வகுத்ததும் இப்பயன் கருதியே. முற்றம் முழுவதும் கொங்கிறீற்றும் கல்லும் பதித்தலும், தாழ்ந்த குளங்களை மண்ணிட்டு நிரப்பி வீடு கட்டுதலும் இக்கொள்கைக்கு முரணானவை. 2008ஆம் ஆண்டு கார்த்திகையில் நிஷா புயலின்போது யாழ்ப்பாணத்திற் பெருவெள்ளம் வந்தது. அத்தகைய வெள்ளத்தில் மலக்குழியும் கிணறும் ஒரே நீரில் மூழ்குகின்றன. குளத்தை இழந்த வெள்ளம் வீட்டைத் தேடி வருதல் இயல்பு.

முடிக்குமுன், உயிரைப் பற்றிய எச்சரிக்கை ஒன்று. செப்டிக் தொட்டிக்குள் எவரும் எக்காரணங்கொண்டும் இறங்கலாகாது. அதனுள் உண்டாகும் ஐதரசன் சல்பைட்டு என்னும் வாயு, முதலில் அழுகிய முட்டைபோல நாறும். செறிவு மிகுந்தால் மணமுணரும் ஆற்றலையே மழுக்கி, சில மூச்சுகளில் மனிதனை வீழ்த்திவிடும். வீழ்ந்தவரைக் காப்பாற்றக் குதித்தவரும் உடன் மாண்ட செய்திகள் பல நாடுகளிலிருந்தும் வருகின்றன. கூலிக்கு ஆள் பிடித்து இறக்குதல் பெரும் பாவம். பவுசர் வண்டியின் குழாய் செய்யும் வேலையை மனித உயிரைக் கொண்டு செய்வித்தல் எந்தச் சிக்கனத்திற்கும் ஈடாகாது.

நேயர்களே, இப்பேச்சைக் கேட்டபின் ஒரு மாலைப்பொழுதை உங்கள் வளவைச் சுற்றிப் பார்ப்பதற்கு ஒதுக்குங்கள். பிள்ளைகளையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். அளவு நாடா ஒன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். கிணற்றிலிருந்து உறிஞ்சுகுழி எத்தனை அடி? அயலவர் குழி எத்தனை அடி? தொட்டிக்கு அடி உண்டா? கடைசியாக எப்போது சேறு அகற்றப்பட்டது? பீலி நீர் எங்கே விழுகின்றது? காற்றுக்குழாயின் நுனி திறந்துள்ளதா? இவற்றிற்கு விடை தெரியாவிடின் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரை அணுகுங்கள். கிணற்று நீரைச் சோதிக்கும் வழியையும் அவரிடமே கேட்டறியலாம். கைக்குழந்தையுள்ள வீட்டார் இதனை அடுத்த மழைக்கு முன்னரே செய்தல் நன்று.